சவரி கட்டிய கட்டு

அண்ணை,

செவ்வாய்க்கிழமை முற்பகல் வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு ஒரு பொதி வந்தது. உறையைக் கிழித்ததும் அச்சுமையின் வாசம் அறையில் எழுந்தது. இப்போது மெய்ப்புகள் எல்லாம் கணினியிலேயே வருகின்றன. எனக்கு மட்டும் இன்னமும் காகிதத்தில் எடுத்து அனுப்புகிறார்கள். உங்கள் சாரங்கு சவரியின் சித்திரக்கதைகள் அனைத்தும் ஒரே தொகுதியாக வெளிவரவிருக்கின்றன. நீங்கள் இறந்து பதினொரு மாதங்கள் ஆகின்றன.

எந்த மெய்ப்பையும் முதற் பக்கத்திலிருந்து வரிசையாகப் பார்ப்பவன் நான். அன்று அப்படிச் செய்யவில்லை. நின்றபடியே தாள்களைப் புரட்டி ஒரு பக்கத்தைத் தேடினேன். அது இருந்தது. துறைமுகப் படகுத் தலைவனான சவரி காட்டுக்குள் முழந்தாளிட்டு இருக்கிறான். பாம்பு கடித்த சிறுவன் ஒருவனின் காலைத் தன் இடுப்புச் சாரத்தின் கிழிசலால் இறுக்கிக் கட்டுகிறான். அருகில் நிற்பவனிடம் அவன் பேசும் குமிழிக்குள்: “இன்னும் இறுக்கு! எவன் சொன்னாலும் அவிழ்க்காதே!” அடுத்த கட்டத்தில் சிறுவன் எழுந்து நின்று சிரிக்கிறான்.

அந்த இதழ் முதன்முதலாக அச்சேறிய காலத்தில், அந்தக் குமிழியின் வால் முதல் மெய்ப்பில் சிறுவனின் வாயை நோக்கித் தவறாக வரையப்பட்டிருந்தது. அதைச் சவரியின் வாய்க்குத் திருப்பும்படி சிவப்பு மையால் குறியிட்டவன் நான். பேசுகிறவன் யார் என்பதைச் சரிபார்த்தேன். பேசப்படுவது உண்மையா என்று நான் பார்க்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் நம்முடைய அச்சகத்தின் பின்னறையில் உங்கள் மேசையும் என் மேசையும் எதிரெதிரே கிடந்தன. துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலையை விட்டுவிட்டு எழுத்தையே தொழிலாகக் கொண்ட உங்கள் துணிச்சலை நான் வியந்திருக்கிறேன், உங்களிடம் சொன்னதில்லை. காலையில் நீங்கள் அறிவு நூல்களை எழுதுவீர்கள். கலங்கரை விளக்கங்கள், வானொலி திருத்தும் முறை, எரிமலைகள், தேனீ வளர்ப்பு, முதலுதவி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பகலுணவுக்குப் பின் அதே பேனாவால் சவரி. “காலையில உண்மை, சாப்பாட்டுக்குப் பிறகு பொய்” என்பீர்கள். நான் இரண்டு பக்கங்களைத் திருத்தி முடிப்பதற்குள் நீங்கள் பத்துப் பக்கங்களைத் தள்ளிவிடுவீர்கள். எழுதியதை மறுபடி வாசிக்கும் வழக்கம் உங்களுக்கு இல்லை. “அதுக்குத்தானே நீர் இருக்கிறீர்.”

உரையாடல் சரியாக வருகிறதா என்று பார்க்க, இயந்திரங்களுக்கு நடுவே உரத்துப் பேசியபடி நடப்பீர்கள். மையிலே ஊறிய கைகளோடு தொழிலாளர்கள் வில்லனாக மாறிப் பதில் தருவார்கள்.

“டேய் சவரி, இண்டைக்கு உனக்குக் கடைசி நாள்டா!”

“போடா, நாளைக்கு எனக்கு ஹார்பர்ல ஷிப்ட் இருக்கு!”

அந்தப் பதில் அப்படியே அடுத்த இதழில் அச்சாகும். பிறகு, பிழை பிடிக்கும் வாத்தியார் என்று கேலிசெய்தபடி என் பக்கம் திரும்புவீர்கள்.

“என்ன சட்டம்பியார், சவரி ஆறு குண்டுக்கு மேல சுட்டுட்டானோ? எண்ணிப் பாத்தீரோ?”

“அது என்ர வேலையில்லை, அண்ணை. சித்திரக்கதைக்கு எழுத்தும் குமிழியும் மட்டும்தான் பார்க்கிறது.”

“ரூலோ?”

“ஓம், ரூல்.”

“ஆர் போட்ட ரூல், ஐசே?”

“நான் போட்டது.”

இயந்திரச் சத்தத்துக்கும் மேலாக நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் விதி சுவரிலே ஒட்டப்பட்டிருந்தது. என் கையெழுத்தில், எண் இடப்பட்டு. அறிவு நூல்களின் தகவல்கள் அனைத்தும் மூலங்களோடு ஒப்பிடப்பட வேண்டும். சித்திரக்கதைகளுக்கு அது தேவையில்லை. மறுபதிப்புகளில் மூலத்தை மாற்றலாகாது.

பாம்புகளைப் பற்றிய உங்கள் நூலும் சவரியின் அந்த இதழும் ஒரே கிழமையில் என் மேசைக்கு வந்தன. நூலில் நீங்கள் தெளிவாக எழுதியிருந்தீர்கள்: கடிபட்ட இடத்தை இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பகுதியை நான் மருத்துவ நூல்களோடு ஒப்பிட்டுச் சரியென்று கையொப்பமிட்டேன். மறுநாள் சவரியை எடுத்தேன். அவன் இறுக்கிக் கட்டினான். எனக்கு அது தெரிந்தது, அண்ணை. கண்ணில் படவில்லை என்று இதுவரை உங்களிடம் சொல்லிவந்தது பொய். பார்த்தேன், விதி என் வேலையை அந்த இடத்தில் நிறுத்தியது, குமிழியின் வாலைத் திருப்பிவிட்டுப் பக்கத்தை அனுப்பினேன்.

அடுத்த ஆண்டு மழைக்குப் பிறகு அந்த மனிதர் அச்சகத்துக்கு வந்தார். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர். களனி ஆற்றங்கரையில் வீடு. இரண்டு ஊன்றுகோல்கள், இடது காற்சட்டை முழங்காலுக்குக் கீழே மடித்துக் குத்தப்பட்டிருந்தது. வெள்ளம் வடிந்த அன்று வீட்டைக் கழுவும்போது புடையன் பாம்பு கடித்திருக்கிறது. பதினொரு வயது மகள் தன் பாடசாலைக் கழுத்துப்பட்டியைக் கழற்றி, சவரி கட்டியது போலவே கட்டியிருக்கிறாள். வீதியெல்லாம் தண்ணீர். வள்ளம் கிடைத்து மருத்துவமனை சேரப் பல மணிநேரம். இடையில் அயல்வீட்டுச் சிங்களப் பெண் ஒருத்தி கட்டை நெகிழ்த்தப் போனபோது, பிள்ளை அவளுடைய கையைக் கடித்திருக்கிறாள். எவன் சொன்னாலும் அவிழ்க்காதே என்றல்லவா எழுதியிருந்தது! நஞ்சுக்கு மருந்து கிடைத்தது. இரத்தம் ஓடாமல் கிடந்த காலைக் காப்பாற்ற முடியவில்லை.

நான் எழுந்து நின்று அவரிடம் சொன்ன முதல் வாக்கியம் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. “இவை கற்பனைக் கதைகள் என்று உள்ளட்டையில் அச்சிட்டிருக்கிறோம்.”

“ஓம் சேர், அதையும் வாசிச்சனான்” என்றார். “நான் சண்டைக்கு வரேல்ல. புள்ள வீட்டில வாய் திறக்கிறாள் இல்ல. டொக்டர் ‘ஆர் இப்பிடிக் கட்டினது’ எண்டு கேட்டார். அதுக்குப் பிறகு ஒரு வசனம் கதைக்கிறதில்ல. சவரி கட்டினாப் பொடியன் சிரிக்கிறான், நான் கட்டினாக் கால் போகுது, நான்தான் பிழையாக் கட்டிப்போட்டன் எண்டு அவளுக்கு. நாங்கள் சொல்லி என்ன? சவரிய எழுதின ஆள் சொன்னாத்தான் நம்புவாள். ஒரு சின்னக் கடிதம் காணும், வேற ஒண்டும் வேணாம், சேர்.”

நீங்கள் அவர் இருக்கும்போதே எழுதினீர்கள். மூன்று வாக்கியங்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மடிக்கப் போனவர் நிறுத்தி, எல்லாத் தாள்களையும் நீட்டுவது போலவே அதையும் என்னிடம் நீட்டினீர்கள். “ஒருக்காப் பாரும், ஐசே.”

நான் பார்த்தேன். அவரிடம், தபாலில் அனுப்புகிறோம் என்று முகவரி வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தேன். பிறகு உங்களுக்கு விளக்கினேன்: இந்தத் தாள் நீதிமன்றம் போனால் முழுப் பொறுப்பையும் நீங்கள் ஏற்றதாகிவிடும், முதலாளியையும் அது இழுக்கும், எழுத்தில் ஒப்புக்கொள்வது முறையல்ல. அன்று பின்னேரம் நான் எழுதியது இது: “சித்திரக்கதைகளில் இடம்பெறும் சம்பவங்கள் கற்பனையானவை என்பதையும், அவற்றிற் காட்டப்படும் சிகிச்சை முறைகள் பின்பற்றத்தக்கவை அல்ல என்பதையும் வாசகர்கள் கவனத்திற் கொள்ளல் வேண்டும். நேர்ந்தமை குறித்து ஆழ்ந்த அனுதாபம் தெரிவிக்கப்படுகின்றது.”

நீங்கள் இரண்டு தடவை வாசித்தீர்கள். நீங்கள் எதையும் இரண்டாம் தடவை வாசித்ததை நான் பார்த்தது அன்றுதான்.

“இதில நான் எங்க இருக்கிறன், ஐசே?”

“கீழே கையெழுத்திலே, அண்ணை” என்றேன். அதை ஒரு புத்திசாலித்தனமான பதில் என்று அப்போது நினைத்தேன். நீங்கள் கையெழுத்திட்டீர்கள். என்னை நம்பினீர்கள்.

அதன் பிறகு நீங்கள் ஒரு சவரி கதையும் எழுதவில்லை. முதலாளி கெஞ்சினார், ஏசினார், சம்பளத்தைக் கூட்டினார். காலையிலும் உண்மை, பகலுணவுக்குப் பிறகும் உண்மை. நீரிழிவு கண்ணைத் தின்ற காலத்திலும் உருப்பெருக்குக் கண்ணாடி பிடித்து எழுதினீர்கள். இயந்திரங்களுக்கு நடுவே மட்டும் நடக்கவில்லை. மாதம் ஒரு தடவை, தபால்காரர் போன பிறகு கேட்பீர்கள்: “அந்தப் புள்ள பதில் போட்டாளோ?” இல்லை என்பேன். கடைசியாக மருத்துவமனைக் கட்டிலில் வைத்துச் சொன்னீர்கள்: “இப்ப வளந்திட்டாள். புறக்கோட்டையில துணிக்கடையில நிக்கிறாள். ரெண்டு தரம் வாசல் மட்டும் போனனான். பதில் போடாத புள்ளைட்ட என்னெண்டு உள்ள போறது?” கடையின் பெயரையும் சொன்னீர்கள். நான் எழுதிய கடிதத்துக்கு எந்தப் பிள்ளையும் பதில் போட மாட்டாள் என்ற உண்மையை அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். தலையணையைச் சரிசெய்தேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மெய்ப்பைக் கையிலெடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். முதலாளியின் மகள்தான் இப்போது நிருவாகம்.

“அங்கிள், ஒரு பக்கத்தில கை வெச்சாலும் ஃபேன்ஸ் கத்துவாங்க. ஒரிஜினல் மாதிரியே வேணுமாம்.”

“பக்கத்தின் அடியில் ஒரு வரிக் குறிப்பாவது போடுங்கள், பிள்ளை. இது பிழையான முறை என்று.”

“லோயரிட்டக் கேட்டன். குறிப்புப் போட்டா நாங்க பிழையை ஒத்துக்கொண்ட மாதிரியாம். அதோட, மறுபதிப்பில மூலத்தைத் தொடக்கூடாது எண்டு எழுதின ஆளே நீங்கதானே? லேமினேட் பண்ணி வெச்சிருக்கிறம், பாருங்க.”

பார்த்தேன். என் கையெழுத்துத்தான்.

மெய்ப்பில் நான் கையொப்பமிட மறுத்தேன். மன்றாடினேன் என்று எழுதுவதே சரியானது. அவள் எனக்குத் தேநீர் வருவித்துத் தந்து, மரியாதையோடு வாசல்வரை வந்து வழியனுப்பினாள். மறுநாள் வேறொருவர் கையொப்பமிட்டார். திங்கட்கிழமை அச்சேறுகிறது. அந்தப் பக்கம் மறுபடியும் வீடுகளுக்குப் போகும். சிறுவன் மறுபடியும் சிரிப்பான். என்னால் இனி எதையும் நிறுத்த முடியாது.

கட்டுப் போட்ட அந்தப் பிள்ளைக்காவது முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று நேற்றுப் புறக்கோட்டைக்குப் போனேன். தலையில் பொதியோடு வந்த ஒருவர் “பார தென்ன, அய்யே!” என்று வழி கேட்டுக் கத்தியதில் கடைக்குள்ளேயே தள்ளப்பட்டேன்; இல்லாவிட்டால் நானும் வாசலோடு திரும்பியிருப்பேன். முப்பது வயதைக் கடந்த பெண். கழுத்தில் அளவு நாடா. பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, என்னை அறிமுகம் செய்து, வழியெல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்திருந்ததைச் சொன்னேன்.

“மேற்படி இதழ் மீண்டும் வெளியிடப்படவிருக்கின்றது. அது தங்களுக்கு மனவருத்தத்தைத் தரக்கூடும் என்பதால் அறியத்தரப்பட வேண்டும் என்று…”

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“அந்தக் கடிதம் எழுதினது நீங்கதானே, சேர்?”

தலையசைத்தேன்.

“சவரிய எழுதின மனுசன் இப்பிடிக் கதைக்க மாட்டார் எண்டு எனக்கு அந்த வயசிலயே தெரியும். அவருக்கு என்னில கோவம், அதால ஆபீசால எழுதுவிச்சு அனுப்பியிருக்கார் எண்டு நினைச்சன். வாசகர் கவனிக்க வேணும் எண்டு இருந்திச்சு. நான் கவனிக்கேல்ல. அவ்வளவுதானே அதில இருந்தது?”

“அவர் உங்களுடைய பதிலுக்குக் கடைசிவரை காத்திருந்தார்.”

“அதுக்கு என்ன பதில் போடுறது, சேர்? கவனிக்காததுக்கு மன்னிப்புக் கேட்டோ?” அவள் குரல் உயரவில்லை. “அவர் எழுதி இருந்தவரா? நீங்க எழுத முன்னம்?”

“ஓம்.”

“என்ன எழுதினவர்?”

நான் கிழித்தெறிந்த தாள் அது. இருபத்திரண்டு வருடங்கள். ஒரு சொல்லும் மறக்கவில்லை. துணிச் சுருள்களுக்கு நடுவே நின்று, உங்கள் பேச்சிலேயே சொன்னேன்:

“மகள், நீ சரியாத்தான் கட்டினாய். பிழையாச் சொல்லித் தந்தது நான். சரியானது எனக்குத் தெரிஞ்சிருந்தும், கதை ஓட வேணும் எண்டு எழுதாம விட்டன்.”

கடைக்கு வந்த பெண் ஒருத்தி இரண்டு யார் அளவு துணி கேட்டாள். இவள் அளந்தாள். மறுபடி முதலிலிருந்து அளந்தாள். வெட்டிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பியபோது முகம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை.

“அப்பா கண்ணை மூடி நாலு வருசம். அந்தாளோட நான் ஒழுங்கா முகம் பாத்துக் கதைச்சதே இல்ல.”

ஒரு தாளில் எழுதி, கையொப்பமிட்டுத் தருகிறேன் என்றேன். பையிலிருந்து பேனாவையும் எடுத்துவிட்டேன்.

“வேணாம், சேர். நீங்க எழுதினா மாறிப் போயிடும்.” கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு அருகே வந்தாள். “ஞாயிற்றுக்கிழமை களனிக்கு வாங்க. அம்மா இருக்கிறா. ஒரு நாளும் என்னை ஏசினதில்ல. அதுதான் எனக்குத் தாங்க ஏலாது. அவவுக்கு முன்னால சொல்லுங்க. இப்ப சொன்ன மாதிரியே.”

நாளை ஞாயிற்றுக்கிழமை. எத்தனையோ ஆயிரம் பக்கங்களை எழுதிய உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை மூன்று வாக்கியங்கள். அவற்றை நான் சுமந்து போக வேண்டும். காலையிலிருந்து அறைக்குள் நடந்தபடி உரத்துச் சொல்லிப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது, அண்ணை. ஏழாவது தடவையில் இரண்டாம் வாக்கியத்துக்குள் ‘தவறுதலாக’ என்றொரு சொல் தானாக நுழைந்துவிட்டது. நிறுத்தி, ‘மகள்’ என்று மறுபடி தொடங்கினேன். பன்னிரண்டாவது தடவையில் அது திரும்பவும் வந்தது. மறுபடி தொடங்கியிருக்கிறேன்.