தேய்ந்த கொக்கி

ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தொழிற்சாலைக் குழந்தைக் கட்டில் பத்திரமாக வந்து சேர்ந்தது. உன் மருமகன் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கிறான். நின்றதும் உலகத்தையே ஜெயித்த மாதிரி ஒரு சிரிப்பு. ஒன்பது மாதமாகியும் தாய்மாமன் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் குறை.

ஒரு சின்ன விஷயம். ஏற்றி இறக்கும் பக்கத் தடுப்பு ஒரு மூலையில் தானாக நழுவுகிறது. இவரிடம் சொன்னால், "உங்க அண்ணனே சோதிச்சு கையெழுத்துப் போட்ட சரக்கு. நீதான் ஒழுங்கா மாட்டல" என்று கேலி செய்கிறார். அப்படியா?

உன் தங்கை

ஜூன் 10

அன்புத் தங்கைக்கு,

இதைப் படித்த கையோடு பிள்ளையை அந்தக் கட்டிலிலிருந்து தூக்கிவிடு. நீ சரியாகத்தான் மாட்டியிருக்கிறாய். இப்போது இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக் கொக்கி வைக்கிறார்கள். நாலு நாள் ஏற்றி இறக்கினால் தேய்ந்துவிடும். பக்கத்து வீட்டு போனுக்கு மூன்று தடவை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை.

அண்ணன்

ஜூன் 15

அண்ணா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. புதன்கிழமை காலையிலேயே நடந்துவிட்டது. வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தமே இல்லை; சமர்த்தாக விளையாடுகிறான் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் தடுப்பு ஒரு பக்கம் இறங்கி, மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே அவன் கழுத்து. முகம் நீலம். எப்படிப் பிடுங்கி எடுத்தேன் என்று தெரியவில்லை.

இரண்டு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துவிட்டான். வாயைத் திறந்து அழுகிறான், சத்தம்தான் வரவில்லை. "இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகியிருந்தா..." என்று டாக்டரம்மா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கொக்கி தேயும் என்று உனக்கு எப்போது தெரியும்?

தங்கை

ஜூன் 22

தங்கைக்கு,

பிப்ரவரியிலேயே தெரியும். சோதித்த இருபதில் ஆறு நழுவின. மேலாளரிடம் காட்டினேன். "வீட்ல யாருய்யா இத்தனை தடவை ஏத்தி இறக்கப் போறாங்க? கையெழுத்தப் போடு" என்றார். போட்டேன்.

உனக்கு அனுப்பும்போது மட்டும் இருப்பதில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஊரார் பிள்ளைகளுக்கு அதுகூடச் செய்யவில்லை.

செவ்வாயன்று சோதனைத் தாள்களை அரசாங்க நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்து, நடந்ததை எழுதிக் கொடுத்தேன். விற்ற கட்டில்களை எல்லாம் திரும்பப் பெற உத்தரவாகிவிட்டது. எனக்கு வேலை போனது. என்மீதும் விசாரணை உண்டு. வேண்டியதுதான். உன் கட்டிலை எடுக்க அங்கிருந்து அதிகாரி வருவார்.

பிள்ளையைப் பார்க்க வரட்டுமா?

அண்ணன்

ஜூலை 6

அண்ணாவுக்கு,

பிள்ளைக்குக் குரல் திரும்பிவிட்டது. வீடே இரண்டாகிறது.

அதிகாரி வந்து கட்டிலை எடுத்துப் போனார். வேறு யாருக்காவது இப்படி ஆனதா என்று கேட்டேன். "ஒரு பொண் குழந்தைம்மா. ஏழு மாசம். இந்த மே மாசம் போயிடுச்சு" என்றார். அதே கட்டில் வாங்கியவர்களிடம் பேச வேண்டும் என்று அந்தத் தாய் தன் முகவரியைக் கொடுத்து வைத்திருக்கிறாளாம். கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் அங்கே போ. எனக்கு எழுதியதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அவள் கதவைத் திறந்தாலும் சரி, அறைந்து சாத்தினாலும் சரி.

அதற்குப் பிறகு இங்கே வா.

உன் தங்கை