மூடாத பேக்டிக்

ஜூன் 3
பதினோராவது பாடம் முடிந்தது. கொல்கத்தாவில் பாலிகஞ்சில் இருக்கும் அனுராதா அக்கா கணினி நிரல் பாடங்களைத் தமிழில் எழுதி அனுப்புவார். நான் வீட்டிலிருந்தே அவற்றை மார்க்டவுன் என்ற குறிமுறையில் ஒழுங்கு செய்து, அவருடைய இணைய வகுப்பில் ஏற்றுகிறேன். நிரலுக்கு மேலே பேக்டிக் என்ற சின்னச் சாய்கோட்டுக் குறி மூன்று, கீழே மூன்று. நடுவில் இருப்பது சாம்பல் பெட்டிக்குள் போய்விடும். நானும் பெட்டிக்குள்தான். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் பத்தாம் வகுப்போடு பள்ளி நின்றது.

ஜூன் 6
அக்கா போனில், "ஜூலையிலேர்ந்து ஆபீசுக்கே வந்துடேன். நிரல் எழுதவும் கத்துத் தர்றேன்" என்றார்.
"பாக்கறேன்க்கா."
என்ன பார்க்கப் போகிறேன்? அம்மாவை யார் குளிக்க வைப்பது? அப்பா ரயில்வே யார்டிலிருந்து வர மாலை நான்கு மணி ஆகும்.

ஜூன் 9
இன்றும் அப்பாவிடம் கேட்கவில்லை. அப்பா சாப்பிட்டார், எழுந்தார்.

ஜூன் 12
மார்க்டவுனில் சில குறிகளுக்குள் எழுதினால் அது பக்கத்தில் தெரியாது. பதினான்காம் பாடத்தின் அடியில் அப்படி ஒரு வரி ஒளித்து வைத்தேன்: 'எனக்கு பாலிகஞ்ச் போகணும். அப்பாகிட்ட கேக்க வாய் வரல.' எழுதியதும் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஜூன் 14
ஐயோ. அந்தப் பாடத்தில் கீழே போட வேண்டிய மூன்று பேக்டிக்கை விட்டிருக்கிறேன். மூடாவிட்டால் கடைசி வரை எல்லாமே நிரல்தான். நிரலுக்குள் எதுவும் மறையாது. என் வரி பெட்டிக்குள் பளிச்சென்று நிற்கிறது — இரண்டு நாளாக! பக்கத்து வீட்டுக் கீதாஞ்சலியும் அக்காவின் அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். வரியை அழித்து, பேக்டிக் போட்டு மூடினேன். இனி மூடி என்ன?

ஜூன் 15
கீதாஞ்சலி தன் அப்பா முத்துக்குமார் மாமாவிடம் சொல்லிவிட்டாள். யார்டில் எல்லார் முன்னாலும் அவர் அப்பாவிடம், "என்ன சுந்தரம், பொண்ணு கம்ப்யூட்டர்ல உன்மேல கம்ப்ளெய்ன்ட் எழுதியிருக்காமே?" என்றாராம்.
அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஊருக்கெல்லாம் சொல்லத் தெரியுது. எங்கிட்ட சொல்ல மாட்டியா?"
எனக்கு அழுகைதான் வந்தது. உள்ளிருந்து அம்மா குழறலாக, "அவ கேட்டிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா?" என்றாள்.
அப்பா செருப்போடே வெளியே போய்விட்டார்.

ஜூன் 22
ஒரு வாரமாகப் பேச்சில்லை. தோசை வைத்தால் தட்டைத்தான் பார்க்கிறார்.

ஜூலை 1
பாலிகஞ்ச். அப்பா இரவு ஷிஃப்ட் கேட்டு வாங்கியிருக்கிறார். நேற்று சொன்னார் — அதுவும் அம்மாவிடம். காலையில் வந்தவர் தூங்கவில்லை, அம்மாவுக்குக் குளிக்க வெந்நீர் வைத்தார். "பஸ் போயிடும், கிளம்பு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.
அக்கா தந்த முதல் பாடத்தில் மூடும் பேக்டிக்கை மூன்று முறை எண்ணினேன். அடியில் எதையும் ஒளித்து வைக்கவில்லை. பிறகு நானே அப்பாவுக்குப் போன் செய்தேன்.
"வந்து சேந்துட்டேன்ப்பா. மதியம் நீங்க கொஞ்சம் தூங்குங்க."