நான்காம் ‘பி’யில் ரேஷன் கடை

டிசம்பர் 1, திங்கள்

நேற்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கடலை மிட்டாய் பாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு நின்றபோது கடைக்காரர் கேட்டார்: “வீட்ல ஏதாவது விசேஷமா?” வாய் தவறி, “இல்லீங்க, போர்” என்று சொல்லிவிட்டேன். மனுஷன் மீதிச் சில்லறையைக் கொடுக்க மறந்து நின்றார்.

பாடப் புத்தகத்தில் போருக்கு இருப்பது ஒரே ஒரு பத்தி. போன மாதம் அதை நடத்தியபோது ஜ்யோத்ஸ்னா கேட்டாள்: “மேம், போர் நடந்தா ஸ்கூல் லீவா?” அந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். தலைமை ஆசிரியை சாந்தகுமாரி மேடத்திடம் கெஞ்சி ஒரு வாரம் வாங்கினேன். “ஒரு பேரன்ட் போன் பண்ணினாலும் நிறுத்திடுவேன், மாதங்கி” என்றார்.

இன்று ஜன்னல்களில் கறுப்புச் சார்ட் ஒட்டினோம். எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு போர் நடந்தபோது இதே டெல்லியில் வீட்டுக்கு வீடு இப்படித்தான் வெளிச்சத்தை மறைத்தார்கள் என்று சொன்னேன். விளக்கை அணைத்து, என் போனில் சைரன் ஒலிக்கவிட்டு, “ஜல்தி ஜல்தி, பெஞ்சுக்கு அடியில!” என்றேன். முதலில் ஒரே சிரிப்பு. பிறகு ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. எனக்கே புல்லரித்தது.

மூலையில் ரேஷன் கடை. ஆளுக்கு ஒரு அட்டை. தினமும் இரண்டு கடலை மிட்டாய், படம் வரைய இரண்டு ஷீட். அவ்வளவுதான். வேறு இனிப்போ காகிதமோ வகுப்புக்குள் வரக் கூடாது.

என்ன வரிசை! என்ன தள்ளுமுள்ளு! எப்போது விடியும் என்று இருக்கிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

ப்ரணவ் நேற்றைய மிட்டாயைத் தின்னவே இல்லை. மற்றவர்கள் வாங்கின நிமிஷமே முடித்துவிட்டார்கள். இன்று இன்னும் கேட்டு நாக்கைச் சப்பிக்கொண்டு இருந்தவர்களிடம் போய், “ஒரு மிட்டாய் தரேன், ரெண்டு ஷீட் குடு” என்றான். கொடுத்தார்கள்! நான் தடுக்கவில்லை. எங்கே போகிறது பார்க்கலாம்.

டிசம்பர் 3, புதன்

கள்ளச் சந்தை! நான் சொல்லித் தரவே இல்லை, தானாக வந்துவிட்டது!

இன்று போஸ்டர் வரையும் வகுப்பு. காலையில் கொடுத்த ஷீட்டையும் மிட்டாய்க்கு விற்றுவிட்டதால் பாதிப் பேரிடம் ஷீட் இல்லை, ப்ரணவிடம் ஒரு கட்டு. ஒரு ஷீட்டுக்கு இரண்டு மிட்டாய் விலை வைத்துவிட்டான். கையில் இல்லாதவர்கள் நாளைய ரேஷனை இன்றே எழுதிக் கொடுத்தார்கள். இருபது வருஷம் பாடம் நடத்தினாலும் இது புரிந்திருக்குமா?

சாயங்காலம் என் கணவர் ஸ்ரீதர் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நிற்க வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “ஷீட் கிடைக்காத பிள்ளைங்க என்ன பண்ணிச்சு?” என்றார்.

சிந்து. கையைக் கட்டிக்கொண்டு பீரியட் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்தேன். பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

எல்லாம் போச்சு.

மதியம் நான் ஸ்டாஃப் ரூமில் இருந்தபோது, நேற்று எழுதிக் கொடுத்த மிட்டாயைக் கேட்கப் போன ப்ரணவைச் சுற்றி நின்று “சோர்! சோர்!” என்று கத்தியிருக்கிறார்கள். ரேஷன் அட்டையைக் கிழித்துவிட்டார்கள். அவன் பெஞ்சில் ஒருத்தர்கூட உட்காரவில்லை.

நாலு மணிக்கு அவன் அப்பா கல்யாணராமன் வந்தார். “விளையாட்டுன்னு சொல்லிட்டு என் பையனத் திருடனாக்கிட்டீங்களே மேடம்!”

சாந்தகுமாரி மேடம் என்னை நிமிர்ந்து பார்க்காமலே, “நாளைக்கு அந்தப் பேப்பரெல்லாம் கிழிச்சுடுங்க” என்றார்.

ஏன் அப்பவே நிறுத்தல நான்? பெருசா கண்டுபிடிச்ச மாதிரி குதிச்சுக்கிட்டு— ஒம்போது வயசுப் பிள்ளைங்கடி அதுங்க.

டிசம்பர் 5, வெள்ளி

எங்கே தொடங்குவது? கை பரபரக்கிறது.

கிழிப்பதற்கு முன் ஒரே ஒரு பீரியட் கேட்டேன். மேடம் கொடுத்தார். ப்ரணவ் வர மாட்டேன் என்று அடம் பிடித்ததால் அப்பாவே கூட்டி வந்து வகுப்பு வாசலில் நின்றுவிட்டார். போகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பிள்ளைகளிடம், தப்பு முதலில் என்னுடையது என்றேன். பிறகு, “ப்ரணவ், உன்ன யாரும் திட்டப் போறதில்ல. எதுக்குச் சேர்த்து வெச்சே? சொல்றியா?” என்று கேட்டேன்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “மேம், போர் எப்போ முடியும்னு நீங்க சொல்லவே இல்லையே.”

எனக்கு வெள்ளிக்கிழமை முடியும் என்று தெரியும். அவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை.

“தீந்து போச்சுன்னா? அதான் பயமா இருந்துச்சு.”

அப்போது சிந்து எழுந்தாள். நேராக என் மேஜைக்கு வந்து ஸ்வெட்டர் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே இரண்டு மிட்டாய்! புதன்கிழமை ஒரு ஷீட் வாங்கப் போதுமான இரண்டு. வரையாமலே இருந்தாளே தவிர, அதைக் கொடுக்கவில்லை.

“எனக்கும் பயம்தான் மேம்.”

அவ்வளவுதான். ஜ்யோத்ஸ்னாவின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஒன்று. பிரதீப்பின் சாக்ஸுக்குள்ளிருந்து, ஐயோ, ஒன்றரை. டிஃபன் டப்பா, புத்தக அட்டை, தலைப்பாகை மாதிரி சுருட்டின மஃப்ளர்... நேற்று “சோர்” என்று கத்தின ஒவ்வொருத்தரும் ஏதாவது பதுக்கி வைத்திருந்தார்கள். வெட்கப்பட்டு ஆரம்பித்து, கடைசியில் வயிறு வலிக்கச் சிரித்தோம். ப்ரணவ் தன் டப்பாவை எல்லாவற்றுக்கும் மேலே கவிழ்த்தான். மேஜை நிறைந்துவிட்டது.

“இவ்ளோ இருந்துச்சா!” என்றான் பிரதீப். “அப்போ யாருக்குமே தீந்து போயிருக்காதே!”

இந்த ஒரு வாக்கியத்தை நான் எந்த ஜென்மத்தில் சொல்லிக் கொடுத்திருப்பேன்?

வாசலில் கல்யாணராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிளம்பும்போது மெதுவாகச் சொன்னார்: “லாக்டவுன்ல நான் வீட்ல அரிசி மூட்டையா அடுக்கினேன் மேடம். மாடி வீட்ல ஒரு கிலோ கேட்டாங்க. இல்லன்னுட்டேன். இவனுக்கு அப்ப நாலு வயசு. பக்கத்துலதான் நின்னான்.”

கறுப்புத் தாளைப் பிள்ளைகளே கிழித்தார்கள். குளிர்கால வெயில் பொலபொலவென்று உள்ளே வந்தது. “போர் முடிஞ்சுடுச்சு!” என்று அவர்கள் போட்ட கூச்சலுக்கு சாந்தகுமாரி மேடமே ஓடி வந்தார். திட்டத்தான் வந்தார். யாரோ கையில் மிட்டாயை வைத்துவிட்டார்கள்.

டிசம்பர் 6, சனி

பன்னிரண்டு மணி வரை தூங்கினேன்.

டிசம்பர் 8, திங்கள்

பின்னங்கள் ஆரம்பம். யாருக்கும் பிடிக்கவில்லை.

ப்ரணவ் வரவில்லை, காய்ச்சலாம். ஜ்யோத்ஸ்னாவுக்குப் பிறந்தநாள். டெஸ்க் டெஸ்க்காகப் போய் சாக்லேட் கொடுத்தாள். ஒன்று மிஞ்சியது. வழக்கமாக மிஞ்சுகிற ஒன்றுக்கு நடக்கும் அடிதடியை நினைத்து நான் எழுந்தேன்.

யாரும் கேட்கவில்லை. சிந்து அதை வாங்கி ப்ரணவின் டெஸ்க்குக்குள் வைத்து மூடிவிட்டு, தன் இடத்துக்குப் போய்க் கணக்கைப் போட ஆரம்பித்தாள்.