ஒன்பது படிகளும் ஒரு கையெழுத்தும்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் உன் தங்கையும் சுகம், நீயும் மருமகளும் குட்டியும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதியது உடம்பைப் பற்றி மட்டும்தான். மனசு கொதித்துக் கிடக்கிறது, போனில் சொன்னால் பாதியிலேயே கத்திவிடுவேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, புது மாத்திரை ஒத்துக்கொண்டது. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று மூன்று வாரத்தை ஓட்டிவிட்டார்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போன இந்த ஆறு வருஷத்தில் அவள் வாய்விட்டு ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஏரியில் கயாக் ஓட்ட வேண்டுமாம், ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒடுக்கமான படகு அது. பிசியோதெரபிக்கு வரும் பெண்தான் சொன்னாளாம், உனக்குத் தோளும் கையும் பலம், அந்தப் படகுக்கும் அதுதான் முக்கியம் என்று. அந்த நேரம் பார்த்துப் படகுத்துறையில் ‘படகு சவாரி எல்லோருக்கும்’ என்று பெரிய பலகை வைத்து, மஞ்சள் பெயின்ட் அடித்த சாய்வுப் பாதை ஒன்றைத் திறந்தார்கள். இவளைத் தேடிப்பிடித்துக் கூட்டிப்போய் வீல்சேரோடு அந்தச் சாய்வில் நிறுத்தி விதவிதமாகப் போட்டோ எடுத்தார்கள். எல்லாம் முடிந்ததும், நான் எந்தப் படகில் ஏறட்டும் என்று இவள் கேட்டாள். அப்போதுதான் பார்த்தோம், சாய்வு டிக்கெட் ஜன்னலோடு முடிந்துபோகிறது, அங்கிருந்து தண்ணீருக்கு ஒன்பது படி. மேலாளர் சிரித்துக்கொண்டே, அதெல்லாம் அடுத்த கட்டம்மா என்றார். டிக்கெட் வாங்க வழி இருக்கிறது, படகுக்குப் போகத்தான் வழியில்லை, இதை யாரிடம் போய்ச் சொல்ல?

இவள் விடவில்லை. மேலாளர் டாக்டர் சர்டிஃபிகேட் கேட்டார், கொடுத்தாள். நீச்சல் தெரியும் என்று கடிதம் கேட்டார், கொடுத்தாள். மூன்றாவதாகப் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும் என்றார். முப்பத்தோரு வயசு, நாலு மாடிக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டுக் கையெழுத்துப் போடுகிறவள், அவள் கையெழுத்து அங்கே செல்லாதாம். எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஆபீஸ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, இந்தக் காகிதம் இல்லை அந்த முத்திரை இல்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பியவள்தானே நானும். காரியம் நடந்தால் போதும் என்று பாதுகாவலர் என்ற இடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவள் அதைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள். பத்து நாள் என்னிடம் பேச்சே இல்லை, சாப்பிட்ட தட்டை மட்டும் டங்கென்று வைப்பாள். நான் என்ன தப்பு செய்துவிட்டேன் என்று அப்பாவைக் கேட்டால் அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். இந்த வீட்டில் நியாயம் கேட்க ஆளே கிடையாது.

கடைசியில் வழி காட்டியது அதே படகுத்துறையில் வேலை பார்க்கும் படகு ரிப்பேர்க்காரர். கையில் எந்நேரமும் பிசின் ஒட்டியிருப்பதால் அவருக்குப் பேரே பிசின்தான். அவர் பட்டறைக்குப் பின்னால், படகைத் தள்ளுவண்டியில் வைத்துத் தண்ணீரில் இறக்குகிற சரிவு ஒன்று இருக்கிறது. கயாக்கை வண்டிமேல் வைத்தால் வீல்சேர் உயரத்துக்கு வந்துவிடுகிறது, இவள் கையை ஊன்றித் தானே நகர்ந்து உட்காரலாம், வண்டியைத் தண்ணீருக்குள் உருட்டினால் படகு மிதந்து விலகிவிடும், யாரும் அவளைத் தூக்கவே வேண்டாம். உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகை அறுத்து உள்ளே பொருத்தினார். உணர்வில்லாத இடத்தில் உரசிப் புண் வந்தால் தெரியாதே என்று நான் தடிமனாக மெத்தை தைத்தேன். பெல்ட் போட்டுக் கட்டிவிடலாமே என்று சொல்லப்போய்ப் பிசியோ பெண்ணிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், கவிழ்ந்தால் ஆள் வெளியே வர வேண்டாமா ஆன்ட்டி என்று. அதற்காகவே முதலில் கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்க்கச் சொன்னாள். படகு புரண்டது, தலையைக் காணோம், நான் செருப்போடு இறங்கிவிட்டேன். லைஃப் ஜாக்கெட் மேலே வந்தது, கூடவே அவள் முகமும். தண்ணீரைத் துப்பிவிட்டு, அம்மா என்னைத் தொடாதே, நானே வர்றேன் என்றாள். பத்து நாளுக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். பிறகு ஏரி நடுவில் இருக்கிற சிவப்பு மிதவை வரை போய்த் திரும்பினாள். தள்ள யாருமில்லை, கதவு திறந்துவிட யாருமில்லை, அவ்வளவு தூரம் அவள் தனியாகப் போய் ஆறு வருஷமாயிற்றுடா.

அடுத்த வாரம் போனால் சரிவுக் கதவில் பூட்டு. பழுது பார்க்கும் பகுதி, வெளியார் வரக்கூடாதாம். பிசினுக்கு மெமோ வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில், நான் மனு எழுதுகிறேன் என்றேன், எப்படி எழுதினால் அது மேஜையில் தூங்காது என்று எனக்குத் தெரியாதா? எப்படின்னு மட்டும் சொல்லும்மா, எழுதறது நான் என்றாள். எழுதியதோடு நிற்காமல், பிசியோ நிலையத்துக்கு வருகிற ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு போய் அந்த மஞ்சள் சாய்வில் வரிசையாக நின்றுவிட்டாள், ஆளுக்கொரு டிக்கெட், படகில் ஏறும்வரை நகரமாட்டோம் என்று. பின்னால் வந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் மேலாளர் ஓடிவந்தார். என்ன கிடைத்தது என்கிறாய்? பிசினுக்குக் கொடுத்த மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சனிக்கிழமை மட்டும், பத்திலிருந்து பன்னிரண்டு வரை, சோதனை முறையில் பூட்டைத் திறப்பார்களாம். மற்ற நாளெல்லாம் பூட்டுதான், ஒன்பது படியும் அப்படியேதான் இருக்கிறது. பலகையில் எல்லோருக்கும் என்பதற்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் என்று சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கும் அந்த மனுஷன் அவள் தலைக்கு மேலாகப் படிவத்தை என்னிடம்தான் நீட்டினார், அம்மா நீங்க ஒரு கையெழுத்து என்று. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நான் பெற்றவள், பாதுகாவலர் இல்லை, படகில் போகிறவளைக் கேளுங்கள் என்றேன். குனிந்து படிவத்தை அவளிடம் கொடுத்தார். அவள் பாதுகாவலர் என்ற வார்த்தையை அடித்துவிட்டுத் தன் பேரைப் போட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, குட்டியை ரொம்ப நேரம் செல்போன் பார்க்க விடாதே. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையுமில்லாமல் நிறைந்து வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து, அவ எப்படி இருக்கா என்று என்னிடம் கேட்கிறாய். அவள் பக்கத்தில்தான் இருக்கிறாள், காதும் நன்றாகக் கேட்கிறது. இனிமேல் அவளையே கேள்.

ஆசிகளுடன்,
அம்மா