அம்மிணி, உன் கை பட்டதால் இல்லை

மைசூர்

அன்பு அஷ்வினிக்கு அம்மா எழுதுவது. எனக்குத் தையல் வலி குறைந்திருக்கிறது, தம்பிக்கு நேற்றைக்கு இன்று தேவலை, நீ சோறு தின்கிறாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். போன் அடித்தாலே எழுந்து மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் போய்விடுகிறாயாம், பெரியம்மா சொன்னாள், அதனால்தான் எழுதி, பெரியம்மா ஊர் கௌதள்ளிக்கு வரும் லிங்கப்பன் மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஓடாமல் முழுசாகப் படி கண்ணு.

தம்பியைப் பிறந்த கையோடு ஐசியூவுக்குத் தூக்கிப்போகும்போது நர்ஸ் தேவம்மா வாசலில் ஒரு நிமிஷம் காட்டினாள், நீ அவன் காலைத் தொட்டாய். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது, கிருமி தொற்றியிருக்கலாம் என்றார்கள். அப்பா பயத்தில், சளி மூக்கோட போயித் தொடச் சொல்லி உன்னை யாரு கேட்டா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். நான் கட்டிலைவிட்டு எழுந்து வருவதற்குள் நீ பெரியம்மாவோடு பஸ் ஏறிவிட்டாய்.

அம்மிணி, அது உன் கை பட்டதால் இல்லை. டாக்டர் அனுப்ரியாவுக்கு அந்தக் கணக்கில் சந்தேகம் வந்து, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் எண்ணச் சொல்லியிருக்கிறார். என் வயிற்றுக்குள் இருந்தபோதே தம்பிக்கு ஆக்சிஜன் போதாமல் போனதால் அவன் உடம்பு அவசரப்பட்டு முதிராத சிவப்பு அணுக்களை ரத்தத்தில் விட்டிருக்கிறது. முதிர்ந்த சிவப்பு அணுவுக்குள் உட்கரு இருக்காது, முதிராததில் இருக்கும், வெள்ளையிலும் இருக்கும். மெஷின் உட்கருவைப் பார்த்ததும் எல்லாவற்றையும் வெள்ளை என்றே எண்ணித் தொலைத்திருக்கிறது. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்த்தார்கள், அதிலும் ஒன்றும் வளரவில்லை, கிருமிக்குப் போட்ட ஊசியை நிறுத்திவிட்டார்கள். உள்ளதைச் சொல்கிறேன், தம்பி இன்னும் தானாக மூச்சுவிடவில்லை, தப்பித்தான் என்று டாக்டர் சொல்லவில்லை, எனக்குத் தூக்கமும் இல்லை. ஆனால் அவனுக்கு எது எப்படி ஆனாலும் அது உன்னால் இல்லை, நீ எவ்வளவு பெரியவளானாலும் இதை மறக்கக் கூடாது.

அப்பா மண்டி மொஹல்லாவில் இருக்கும் கடைக்கும் போகாமல் ஐசியூ வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். நீ கேட்ட பச்சை ஸ்வெட்டரை வாங்கி லிங்கப்பன் மாமா பையில் திணித்துவிட்டு, நான் குடுத்தேன்னு எழுதாதே என்கிறார். எழுதிவிட்டேன்.

மாதேஸ்வரன் சாமி உங்கள் இரண்டு பேரையும் கைவிட மாட்டான். கஷாயத்தைக் கசக்கிறதென்று கீழே ஊற்றாமல் குடி, சளி போனதும் அப்பா வந்து கூட்டிவருவார். தேவம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினால் உன்னை உள்ளே விடுவாளாம். வந்து அந்தக் காலையே மறுபடி தொடு. உள்ளங்காலில் விரல் வைத்தால் இப்போது குட்டி விரல்களை மடக்கிப் பிடிக்கிறான்.

உன் அம்மா
ஜோதிமணி