வேலை தேடிய ஜன்னல்

செவ்வாய், இரவு

கொழும்பு காலி வீதியில் உள்ள எங்கள் அலுவலகத்தில், பிரவுசரில் பிரைவேட் விண்டோ திறந்துதான் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தேன். மூடிவிட்டால் தடயமே இருக்காது என்று நம்பியிருந்தேன். இன்று ஐ.டி. பிரிவு ரமணன் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அது உங்கட கம்ப்யூட்டரில மட்டும்தான் மறைக்கும். எந்த சைட்டுக்குப் போறீங்கள் எண்டு ஒஃபிஸ் நெட்வேர்க்கில எனக்குத் தெரியும்."

"மனேஜரிட்ட சொல்லிப்போட்டீரோ, தம்பி?"

"இல்லை அக்கா. அவரும் அதே சைட்டிலதான் நிக்கிறார்."

பின்னேரம் துணிந்து மனேஜரிடம் போய், வெள்ளிக்கிழமை எனக்கிருந்த நேர்முகத் தேர்வுக்காக, காரணம் சொல்லாமல் லீவு கேட்டேன்.

"ஓம், எடுங்கோ. அண்டைக்கு நானும் லீவு" என்றார்.

ஏன் என்று அவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வேலைக்குத்தானா என்பதுதான் நித்திரையைக் கெடுக்கிறது.