உன் இடத்தில் நின்றவன்

மச்சான்,

இன்று காலை பிக்கரிங்கில் நான் ஏறிய பஸ் சத்தமே போடவில்லை. மின்சார பஸ்ஸாம். பற்றரி கொரியாவில் செய்தது என்று சாரதி பெருமையாகச் சொன்னார். கொம்பனியின் பெயரையும் சொன்னார். நீ கடைசியாக வேலை செய்த கொம்பனி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, என் தரிப்பு வருமுன்னே இறங்கி நடந்தேன்.

அமெரிக்காவில், பஃபலோவில் நீ பற்றரி ஆராய்ச்சி செய்த காலத்தில், உன் அம்மா எல்லைக்கு இந்தப் பக்கம் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்களுக்கு மேல் மாடியில் இருந்தார். காரில் வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் எல்லை தாண்டினால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்று தெரியாத மாணவ விசாக்காரனுக்கு அது தூரம். கேட்பவர்களிடம் அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்: “அவன் படிச்சு முடிச்சு ஆறுதலா வரட்டும். நான் எங்க ஓடப்போறன்?”

உன் வேலை விசா விண்ணப்பம் போயிருந்த நேரத்தில் அவர் கண்ணை மூடினார். முடிவு வருமுன் அமெரிக்காவை விட்டு வெளியேறினால் விண்ணப்பம் ரத்தாகிவிடும் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

“இத்தனை வருசப் படிப்பும் போயிடும் மச்சான். என்ர இடத்தில நீ நில்லடா,” என்றாய்.

இங்கே தகனசாலையில் கொள்ளி வைப்பதென்றால் ஒரு பொத்தானை அமத்துவதுதான். அதையும் மகன்தான் அமத்த வேண்டும். ஒரே மகனான நீ என் இடக்கையில் இருந்த ஃபோனுக்குள் நின்றாய். வலக்கையால் நான் அமத்தினேன்.

“அம்மா கோவிப்பாவேடா?” என்று கேட்டாய்.

அந்த விசா கிடைக்கவே இல்லை. படிப்பித்துப் பட்டமும் தந்த நாடு உன்னைப் போகச் சொன்னது. பற்றரியில் அந்த நாட்டோடு போட்டி போடும் கொரியக் கொம்பனி கூப்பிட்டு வேலை தந்தது. இந்தப் போட்டியில் யார் முந்துகிறார்கள் என்று வியாபாரப் பக்கங்களில் எழுதுகிறார்கள். வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. போன மாரியில், அங்கே வேலையிடத்திலேயே உன் நெஞ்சு நின்றுபோனது. உனக்குக் கொள்ளி வைத்தது யாரென்றுகூட எனக்குத் தெரியாது.

அம்மாவின் திவசத்தை வருடாவருடம் நான்தான் செய்கிறேன். போன கிழமையும் செய்தேன். தர்ப்பையை விரலில் போடுமுன் ஐயர் வழக்கம்போலக் கேட்டார்: “அவ உங்களுக்கு என்ன முறை?”

“சிநேகிதன்ர தாய். அவன் வர ஏலாமல் நிக்கிறான்” என்பதுதான் என் பழைய பதில். இந்த முறை அதைச் சொல்ல முடியவில்லை.

“அம்மா” என்றேன்.